பரண்மேல் பழந்துப்பாக்கி

உத்தியோக நிமித்தம் வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் விசித்திரமான பிதுரார்ஜிதம் ஒன்று உண்டு. நிலம், வீடு, வெள்ளிப் பாத்திரம் ஆகியவற்றைக் குறித்துச் சகோதரர்கள் கூடிப் பேசுகின்றனர். வேண்டுமாயின் சண்டையும் இட்டுக்கொள்கின்றனர். ஆனால், பாட்டனார் வாங்கித் தகப்பனார் எண்ணெய் பூசிக் காப்பாற்றி, இப்போது சொந்த ஊரில் பரண்மேல் கோணிச் சாக்கில் சுற்றிக் கிடக்கும் துப்பாக்கியைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை.

இவ்விஷயமாக அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். தகப்பனார் காலமாகி ஓராண்டு கடந்துவிட்டது. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும், பன்னிரண்டு பித்தளைத் தோட்டா உறைகளும், ஒரு டப்பா ரவையும் வீட்டில் இருக்கின்றன. தாயார் அங்கே தனியே வசிக்கிறார். "அமெரிக்காவில் பலர் பொழுதுபோக்காகத் தோட்டாக்களைத் தாமே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்களாம், செலவும் குறைவாம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நாமும் அவ்வாறு செய்து பார்க்கலாமா?" என்பது அவர் கேள்வி. அவர் கேட்டது ஒன்று. நாம் விடையளிக்க வேண்டியவை மூன்று.

முதலில் தோட்டா விஷயம். ரவைத் தோட்டாவில் முக்கியமானவை நான்கு: உறை, அடியிலுள்ள கேப்பு, மருந்து, ரவை. சுட்ட பின்னர் எஞ்சுவது உறை ஒன்றே. பித்தளை உறை விலையுயர்ந்தது, பலமுறை பயன்படக்கூடியது. ஆகையால் அதை வீணாக்காமல் மறுபடி நிரப்பும் வழக்கம் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டு வேட்டைக்காரர்களிடமும் இருந்தது. அமெரிக்காவில் அது இன்றும் நடைபெறுகிறது. அதற்குரிய கருவிகளும், மருந்தும், அளவு கூறும் நூல்களும் அங்கே கடைகளில் கிடைக்கின்றன. அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

நம் நாட்டுச் சட்டம் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிய லைசென்ஸ் இன்றித் துப்பாக்கியையோ தோட்டாவையோ உற்பத்தி செய்தலையும் விற்றலையும் தடுக்கிறது. துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலும் இப்பிரிவில் அடங்கும். குழலை அறுத்துக் குட்டையாக்குவதை 6ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், 5ஆம் பிரிவை மீறியவருக்குக் குறைந்த தண்டனையே ஏழாண்டுச் சிறை. மிகுந்தால் ஆயுள் சிறை. "விற்பதற்கன்று, விளையாட்டுக்கே செய்தோம்" என்னும் சமாதானத்தை நம்பி இக்காரியத்தில் இறங்குவது அறிவுடைமை ஆகாது. வேண்டும் தோட்டாவை லைசென்ஸில் கண்ட எண்ணிக்கைக்குள் கடையில் வாங்குவதே வழி. புணேயை அடுத்த கட்கியில் 1869இல் தோன்றிய வெடிபொருள் தொழிற்சாலையின் பன்னிரண்டாம் நம்பர் தோட்டாக்களை நம் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போர் நன்கறிவர்.

இரண்டாவது, பழந்துப்பாக்கியின் தன்மை. சட்டம் ஒருபுறமிருக்க, இதை அறியாமல் சுட்டுப் பார்ப்போர் விரலையும் கண்ணையும் இழக்க நேரும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றின் குழலில் நீரலை போன்ற அழகிய கோலம் காணப்படும். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கி, கம்பியொன்றின்மேல் சுற்றி, காய்ச்சி அடித்து இணைத்த குழல் அது. டமாஸ்கஸ் குழல் என்பர். அது கருமருந்தின் காலத்துக்கு உரியது. 1884இல் பிரான்சு தேசத்து பால் வியேல் என்பார் புகையில்லா மருந்தைக் கண்டார். அதன் பின்னர் தோட்டாவின் இயல்பே மாறிற்று. பழங்குழலின் இணைப்புகளுக்கிடையே பல்லாண்டு ஈரத்தால் துரு உட்புகுந்திருக்கலாம். வெளியே பளபளப்பாகத் தோன்றும் குழல் இக்காலத் தோட்டாவுக்கு ஈடு கொடுக்கும் என்று எண்ணலாகாது.

ஆகவே முதற்கண் குழலின் அடிப்புறத்தில் பொறித்துள்ள முத்திரைகளைக் காண வேண்டும். இங்கிலாந்தில் விற்பனைக்கு வரும் துப்பாக்கியை லண்டனிலோ, 1813இல் சட்டப்படி நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையிலோ கனத்த மருந்திட்டுச் சுட்டுச் சோதித்து முத்திரையிடுவது வழக்கம். "நைட்ரோ புரூஃப்" என்னும் சொற்கள் இருப்பின் அது புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது. இல்லையேல் ஐயுற வேண்டும். அம்முத்திரையும் அன்றைய நிலைக்கே சான்று. எழுபது எண்பது ஆண்டுத் துருவுக்குச் சான்றன்று.

இன்னொரு கண்ணியும் உண்டு. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலம். இக்காலத் தோட்டாக்களோ பெரும்பாலும் இரண்டே முக்கால் அங்குல நீளத்தவை. நீண்ட தோட்டா குறுகிய அறையில் நுழையாது என்று நாம் எண்ணுவோம், நுழையும். வாய் மடிக்கப்பட்டிருப்பதால் சுடுமுன் அது குறுகியே இருக்கிறது. சுட்டவுடன் மடிப்பு விரிந்து, இடமின்றிக் குழலின் குறுகிய பகுதிக்குள் நீள்கிறது. ரவை செல்லும் வழி நெருக்கப்பட, உள்ளே அழுத்தம் மிகுகிறது. எளிதில் பொருந்திற்று என்பது தக்க தோட்டா என்பதற்கு அடையாளம் ஆகாது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மிஸ்திரி அளந்து பார்த்துச் சொன்னாலன்றி இத்தகைய துப்பாக்கியில் தோட்டா இடலாகாது. வீட்டில் நிரப்புவோர்க்கு இவ்வபாயங்கள் இரட்டிக்கும். மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் வேகத்தில் வேறுபட்டவை. கவனப்பிசகால் ஒரே உறையில் இருமுறை மருந்து விழுந்தால் குழல் வெடிக்கும்.

மூன்றாவதே முக்கியமானது. அன்பர் கேளாத கேள்வி அது: துப்பாக்கி இன்று யார் கையில் இருக்கிறது?

லைசென்ஸ் என்பது துப்பாக்கிக்கு அன்று, மனிதருக்கு. அவர் கண் மூடியதும் அது முடிந்தது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வைத்திருக்கும் உரிமை தீர்ந்த துப்பாக்கியையும் தோட்டாவையும் வீண் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருத்தலுக்கு 2019க்குப் பின் தண்டனை இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் ஆகும். நாம் நாக்பூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ இருக்கிறோம். ஊரில் கதவைத் தட்டும் அதிகாரிக்கு முதலில் விடை சொல்ல வேண்டியவர் தாயார் அல்லரோ? தேர்தல் வரும்போதெல்லாம் லைசென்ஸ் வைத்திருப்போரின் துப்பாக்கிகளைப் போலீஸார் கேட்டு வாங்கி வைப்பது நாமறிந்த வழக்கம். காலமானவர் பெயரைத் தேடி அவர்கள் வரும் நாளில், எழுபது வயது அம்மையார் பரணைச் சுட்டிக் காட்டி நிற்க வேண்டுமா?

செய்ய வேண்டியதை வரிசையாகக் கூறுவோம். முதற்காரியம் ஒப்படைத்தல், துப்பாக்கியின் நம்பர், தோட்டாக்களின் எண்ணிக்கை குறித்த ரசீதைத் தவறாது பெற வேண்டும். தாமதம் ஆகிவிட்டிருப்பின் வக்கீல் ஒருவரைக் கலந்து, அவர் துணையுடன் செல்லுதல் நலம். இரண்டாவது, வாரிசுகள் கூடி முடிவு செய்தல். ஒருவர் வைத்துக்கொள்ள விரும்பின், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வாரிசுக்கு லைசென்ஸ் அளிக்க வழி உண்டு. மரணச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் முதலியன தேவைப்படும். ஜில்லாவில் கலெக்டர் அலுவலகத்திலும், பெருநகரில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். எவரும் விரும்பாவிடில் லைசென்ஸ் பெற்ற கடை வழியே விற்றுவிடலாம். எதுவும் செய்யாது காலங்கடத்தினால், ஒப்படைத்த துப்பாக்கியும் சர்க்காருக்குப் பறிமுதலாகக்கூடும்.

தகப்பனார் உயிருடன் இருக்கும் குடும்பங்கள் இன்னும் எளிதாகச் செய்யலாம். லைசென்ஸ் வைத்திருப்பவர் எழுபது வயது எய்தினாலும், துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலும், இரண்டில் எது முந்தியதோ அப்போதே, தாம் விரும்பும் வாரிசின் பெயருக்கு மாற்ற விதிகள் இடமளிக்கின்றன. அவர் கையெழுத்திடும் நிலையில் இருக்கையிலேயே இதைச் செய்துகொள்வது உத்தமம். ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கை 2019இல் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குடகில் உள்ள நம்மவர் சிலர், "இங்கே லைசென்ஸே வேண்டாமாமே" என்பதுண்டு. அச்சலுகை குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலமுடையோருக்கும் பிரிட்டிஷ் காலம் தொட்டு வந்தது. 2019இல் மத்திய சர்க்கார் அதை 2029 வரை நீட்டித்தது. தோட்ட வேலையின் பொருட்டு அங்கே குடியேறியவருக்கு அது பொருந்தாது.

ரயில்வே ஊழியர் என்னும் முறையில் ஒரு வார்த்தை. பழைய மருந்து டப்பாவையோ, துருப்பிடித்த தோட்டாவையோ பெட்டிக்குள் மறைத்து ரயிலில் கொண்டுவர எவரும் எண்ணலாகாது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி அபாயப் பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் கொண்டுவருபவருக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. தண்டனையைவிடப் பெரிது, அதே பெட்டியில் குழந்தைகளுடன் உறங்கும் எழுபது பேரின் உயிர்.

இவ்வளவும் கேட்டபின் அன்பர் மனம் சோர்வுறலாம். குறி பார்த்துச் சுடும் ஆசை தவறானதன்று. அதற்கு மருந்தே வேண்டாத வழி உண்டு. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி அது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதில்தான். கடலூரில் பிறந்து, நம் பிள்ளைகளைப் போலவே வெளி மாநிலத்தில், அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ நகரில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றது அதே காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுதான். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளிலும் அவர் நாட்டுக்காக நின்றார். பெரிய நகரங்கள் பலவற்றில் ரைஃபிள் கிளப்புகள் உள்ளன. விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கண்ணும் கையும் மனமும் ஒன்றுபடும் பயிற்சி அது.

பாட்டனாரின் துப்பாக்கியோடு நமக்குள்ள பற்று அதன் இரும்பின்பால் அன்று, அதைத் துடைத்த கைகளின்பால். அக்கைகளுக்குரியவர் முறையாக லைசென்ஸ் பெற்று, தவறாது புதுப்பித்து, தலைநிமிர்ந்து வைத்திருந்தார். அம்முறைமையைக் காப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அன்பர் இவ்வார இறுதியிலேயே தம் சகோதரருக்கு எழுதட்டும். விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். பரண் காலியானால் தாயார் நிம்மதியாக உறங்குவார்.