பித்தப்பை ஆபரேஷனுக்கு முன் எல்.எஃப்.டி ஏன்? ஒளிந்திருக்கும் கல்லை ரத்தம் காட்டிக்கொடுக்குமா?

பித்தப்பையில் கல் என ஸ்கேனில் வந்துவிட்டது. ஆபரேஷன் தேதியும் குறித்தாச்சு. அதற்குப் பிறகும் 'எல்.எஃப்.டி எடுத்துட்டு வாங்க' என்கிறார் டாக்டர். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வேலூர் சி.எம்.சி-க்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பஸ் ஏறிப் போகிறவர்களுக்கு, இன்னொரு டெஸ்ட் என்றால் இன்னொரு நாள் கூலி போச்சு. அவசியமா? அவசியம்தான்.

கல் எப்போதும் பையிலேயே இருப்பதில்லை. சில கற்கள் நழுவி, கல்லீரலில் இருந்து குடலுக்குப் பித்தநீர் போகும் குழாயில் உட்கார்ந்துகொள்ளும். ஆபரேஷனுக்கு வருபவர்களில் 100-க்கு 10 முதல் 20 பேருக்கு இப்படி இருக்கலாம். சாதாரண வயிற்று ஸ்கேன், பையில் உள்ள கல்லை நன்றாகப் பிடிக்கும். ஆனால் குழாயின் கீழ்ப்பகுதியைக் குடலில் உள்ள காற்று மறைத்துவிடும். பையை எடுத்துவிட்டு அந்தக் கல்லை விட்டுவைத்தால், பிறகு காமாலை, கிருமித்தொற்று, கணைய அழற்சி என்று வந்து நிற்கலாம்.

குழாய் அடைத்தால் பித்தநீர் தேங்கும். ரத்தத்தில் பிலிருபின், ஆல்கலைன் பாஸ்படேஸ், ஜி.ஜி.டி அளவுகள் ஏறும்.

ஆனால் இந்த டெஸ்ட் 'கல் இருக்கு' என்று சொல்வதைவிட 'அநேகமாக இல்லை' என்று சொல்வதில்தான் கெட்டி. எல்லாம் நார்மல், குழாயும் விரியவில்லை என்றால் பெரும்பாலும் நேராக ஆபரேஷன்தான். எண்கள் ஏறியிருந்தால் மட்டும் கல் என்று முடிவு கட்ட முடியாது. குடிப்பழக்கம், கொழுப்புக் கல்லீரல், வைரஸ் காமாலையும் காரணமாகலாம்.

அப்போ எல்லோருக்கும் குழாய்க்குள் எண்டோஸ்கோபி விட்டுப் பார்த்துவிடலாமே? இ.ஆர்.சி.பி எனப்படும் அந்த முறையே சிலருக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும். அதனால்தான் அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் ஆட்களைப் பிரிக்கிறது. ஸ்கேனிலேயே குழாய்க்கல் தெரிந்தாலோ, குழாயில் தொற்று இருந்தாலோ, பிலிருபின் 4-ஐத் தாண்டி குழாயும் விரிந்திருந்தாலோ இ.ஆர்.சி.பி. எல்.எஃப்.டி கோளாறு, 55 வயதுக்கு மேல், விரிந்த குழாய் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும், முதலில் எம்.ஆர்.சி.பி ஸ்கேன் போன்ற சோதனை.

நம்ம பக்கம் கண் மஞ்சளானால் முதலில் கீழாநெல்லிதான். குழாயை அடைத்த கல்லை அது எடுக்காது, நாள்தான் போகும். பித்தப்பை கல் உள்ளவருக்குக் கண் மஞ்சள், அடர்ந்த சிறுநீர், குளிர்க்காய்ச்சல் வந்தால், ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.