நிலம் நிலைபெற்றதென்னும் வாதம்

பூமியின் மேற்பரப்பை இயற்கைச் சக்திகள் மாற்றுவது மெய்யே ஆயினும், அம்மாற்றம் யுகக்கணக்கில் நிகழ்வதாதலின் மனித ஆயுளுக்குள் அதைக் காண இயலாது, ஆகவே நம் வாழ்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கற்றவர்களும் கூசாமல் சொல்லி வருகின்றனர். நெடுங்காலம் சொல்லப்பட்டதொன்றே இக்கூற்றுக்குச் சாஸ்திரத்தின் கௌரவத்தைத் தந்திருக்கிறது.

காண இயலாது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1819-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி மாலையில் கச்சு நாட்டை உலுக்கிய பூகம்பம், சிந்துவின் பழைய கிளையொன்றன் கரையிலிருந்த சிந்திரிக் கோட்டையைச் சூழ்ந்த நிலத்தைத் தாழ்த்திக் கடல்நீரை அதன்மேற் பரவச் செய்ததோடு, அதற்கு வடக்கே, ஆறு மீட்டர் வரை உயர்ந்து 80 கிலோமீட்டர் அளவு நீண்ட மேடொன்றையும் எழுப்பிற்று. கோட்டையிலிருந்தோர் கோபுரமொன்றில் ஏறி நின்று, மறுநாள் படகுகளில் தப்பினர். மனிதர் கட்டிய அணைகளினின்றும் பிரித்தறிய, அம்மேட்டை ‘அல்லா பந்து’, அதாவது இறைவன் கட்டிய அணை, என்று மக்கள் அழைத்தனர். 1826-இல் சிந்துவின் வெள்ளம் அதனை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. பூமி எழுப்பியதை ஏழே ஆண்டுகளில் நதி பிளந்துவிட்டது. மெல்ல நிகழும் மாற்றங்களின் பேராசானாகிய சார்லஸ் லயலே இச்சம்பவத்தைத் தம் நூலில் விரிவாக வருணித்திருக்க, அவர் பெயரைச் சொல்லி வாதிடுவோர் அப்பக்கங்களைப் புரட்டவில்லை போலும்!

மெதுவாக நிகழ்வது அற்பமானது என்பது அவர்களுடைய இரண்டாவது அனுமானம். இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டத் தொடங்கிச் சுமார் ஐந்து கோடி ஆண்டுகள் ஆயின. இமயம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரே உயர்ந்ததென்று கொண்டாலும், கணக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தொடும். எவரெஸ்டோ ஒன்பதையும் எட்டவில்லை. எஞ்சியது எங்கே? வேறு காரணங்களும் உண்டெனினும், எழும் பாறையை எழும்போதே மழையும் பனியாறும் அரித்துத் தள்ள, கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் நூறு கோடி டன் அளவிலான வண்டலைச் சுமந்து வருவதே முக்கிய விடையாகும். அவ்வண்டலில் ஒரு பகுதி வங்கச் சமவெளியாயிற்று. மற்றொரு பகுதி கடலடியில் இலங்கைக்கும் தெற்கே வரை படிந்து கிடக்கிறது. இயற்கைச் சக்திகள் அழிக்கவே வல்லவை என்பாருக்கு அச்சமவெளியில் விளையும் நெல்லே போதுமான பதில்.

நம் வாழ்வுக்குச் சம்பந்தமில்லை என்பதோ வாதமே அன்று. கச்சின் பூமி 1819-உடன் ஓய்ந்துவிடவில்லை. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி காலையில், அதே கச்சில், புஜ் நகருக்குக் கிழக்கே தோன்றிய நிலநடுக்கத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.