அடைச்சது மிதக்குமா?

எங்கள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பைபர் படகுப் பட்டறை இருக்கிறது. அதன் சுவரில் மஞ்சள் பெயின்டில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: ‘அடைச்சது மிதக்கும்.’ பன்னிரண்டு வருஷமாக அந்த வழியாகத்தான் டீ குடிக்கப் போகிறேன். பன்னிரண்டு வருஷமாக அந்த டீ எனக்குக் கசக்கிறது.

சுவரோடு நின்றிருந்தால் சகித்திருப்பேன். போன மாதம் கரையில் நடந்த பாதுகாப்புக் கூட்டத்தில் ஒருவர் அதை மேடை ஏற்றிவிட்டார். காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி, வாளிக்குள் அமுக்கி, கையை விட்டார். பாட்டில் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. “பாத்தீங்களா? அடைச்சது மிதக்கும். படகைப் புதுப்பிக்கும்போது அணியத்துல ஒண்ணு, அமரத்துல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, நாலு அறையை மேட் போட்டு ஒட்டிருங்க. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க வேணாம்” என்றார். கைதட்டல். நானும் தட்டினேன். கொசு இருந்தது.

இந்தப் பேச்சு இப்போது ஏன் எடுபடுகிறது என்று எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கப் பைபர் படகுகள் வந்து இறங்கின. நேற்றுவரை தண்ணீர்த் தொட்டி செய்தவர்கள்கூட அச்சு வாங்கி வைத்துப் படகு வார்த்தார்கள். அந்தப் படகுகளுக்கு இன்று இருபது வயது. தளம் பிளந்து, பின்பலகை ஆடி, ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வருகின்றன. புதுப்படகு வாங்கக் காசில்லாதவர் பழையதைப் பிரித்துக் கட்டுகிறார். பிரிக்கும்போது ஒரு வாய்ப்பு வருகிறது: உள்ளே தண்ணீர் எப்படி வருகிறது, எங்கே தங்குகிறது, எப்படிப் போகும் என்று யோசிக்க. அந்த நேரம் பார்த்து ஒருவர் வாளியும் பாட்டிலுமாக வந்து நிற்கிறார்.

காற்றறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரப்படகு தண்ணீர் நிறைந்தாலும் விளிம்பளவாவது மிதந்து கிடக்கும். பைபர் தகடு தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். இன்ஜினோடு நேரே அடிக்குப் போய்விடும். அறை வேண்டும். அறையைச் சமாதி கட்டச் சொல்வதில்தான் எனக்குத் தகராறு.

பாட்டிலுக்கு வருவோம். அந்தப் பாட்டிலுக்கு மூடி இருந்தது. மேடை அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும், போயிருந்தால் திறந்து கொட்டலாம். அவர் நமக்குக் கட்டச் சொல்கிற அறைக்கு மூடியும் இல்லை, கண்ணாடிச் சுவரும் இல்லை.

அதே பாட்டிலை வைத்து நானும் ஒரு வித்தை காட்டுகிறேன். மூடியைத் திறந்து, மத்தியான வெயிலில் மணலில் ஒரு மணி நேரம் போடுங்கள். பிறகு சூட்டோடு மூடியை இறுக்கிக் கடல் தண்ணீரில் அமுக்குங்கள். படபடவென்று விலா ஒடுங்கும். உள்ளே இருந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவுதான். நீல பெயின்ட் அடித்த தளம் நம் ஊர் வெயிலில் 60 டிகிரியைத் தொடும். கடல் தண்ணீர் 28 டிகிரி என்று வையுங்கள். இந்த வித்தியாசத்துக்குக் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 300 லிட்டர் அறையில் 30 லிட்டர். பாட்டில் இளகியது, ஒடுங்கித் தப்பிக்கிறது. படகின் அறை ஒடுங்குமா?

ஒடுங்காது. அப்படியானால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். அறை நிஜமாகவே அடைபட்டிருந்தால், வெயிலில் உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும், கடலில் திரும்பக் குறையும். கூடும்போது உள்காற்று தளத்தை வெளியே தள்ளும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தளத்தின் மேல் அது ஏறக்குறைய ஒரு டன். நாலு மில்லிமீட்டர் தட்டைத் தகட்டின் மேல், தினமும், ஒரு டன் ஏறி இறங்குகிறது. தகடு தாங்கினாலும், தளமும் பக்கச் சுவரும் சேருகிற மூலையில் ஒட்டிய மேட், அதாவது ரெசினில் நனைத்த கண்ணாடி இழைப் பாய், தாங்காது. மயிரிழை வெடிப்பு விழும். நம் பட்டறைகளில் அந்த மூலையை எத்தனை அவசரத்தில் ஒட்டுகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு டன்னெல்லாம் தேவைப்படாது.

வெடிப்பு விழுந்த பிறகுதான் கூத்து. படகு பகலெல்லாம் கரையில் காய்கிறது. உள்ளே காற்று விரிந்து வெடிப்பு வழியாக வெளியே போகிறது. சாயங்காலம் வலைக்கு இறக்குகிறோம். கொதித்துக் கிடந்த படகு கடலில் விழுகிறது. உள்காற்று சுருங்குகிறது, அறை மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்த நேரம் மூலையில் என்ன நிற்கிறது? அலை தெறித்த தண்ணீர். அதைத்தான் இழுக்கும். மறுநாள் வெயிலில் அந்தத் தண்ணீர் திரும்பி வருமா? வராது. வெடிப்பு மேலே, தண்ணீர் கீழே. காற்றுதான் வெளியே போகும். பகலில் காற்றை விட்டுவிட்டு இரவில் தண்ணீரைக் குடிக்கிற ஒரு பம்பைக் காசு கொடுத்துக் கட்டி வைத்திருக்கிறோம். நாளுக்கு ஒரு டீ கிளாஸ், 100 மில்லி என்றே வையுங்கள். இருநூறு நாள் தொழிலுக்கு 20 லிட்டர். ஐந்து வருஷத்தில் 100 லிட்டர். படகின் முன்பக்கம், அணியத்தில், யாரோ ஒரு ஆள் எப்போதும் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்த ஆளுக்குப் பங்கு மட்டும் கிடையாது.

அந்தத் தண்ணீர் சும்மா உட்கார்ந்தும் இருக்காது. “அடியில கொஞ்சம் தண்ணி கிடந்தா படகு ஆடாதுண்ணே” என்று கூட்டத்தில் ஒரு தம்பி எடுத்துக் கொடுக்க, மேடையும் தலையாட்டியது. இடுப்புக் குடத்து நீரையும் தாம்பாளத்து நீரையும் ஒரே நடையில் தூக்கி வந்து பார்த்தால் இந்தப் பேச்சு வராது. படகு சாய்ந்தால் தண்ணீர் சாய்ந்த பக்கம் ஓடி, சாய்வைக் கூட்டும். அறையின் அகலம் இரட்டித்தால் இந்தக் கெடுதல் எட்டு மடங்கு. அதனால்தான் நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் மொத்தக் கெடுதல் நாலில் ஒன்றாகக் குறைகிறது. தடுப்புக்கு ஆகிற ஒரு பலகையை மிச்சம் பிடித்து அந்தக் காசில் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, காற்றே வேண்டாம், ஃபோம் ஊற்றி நிரப்பிவிட்டால்? ஊற்றுங்கள், ஆனால் அதையும் சமாதி ஆக்காதீர்கள். புது பாலியூரித்தேன் ஃபோம் ஒரு கன அடி ஒரு கிலோகூட இருக்காது. பழைய படகு ஒன்றின் பின்பக்க அமரத்தைப் பிரித்தபோது அதே அளவுக்கு ஒரு துண்டு அறுத்து மீன் தராசில் வைத்தேன். முள் பதினொன்றில் நின்றது. ஃபோம் தண்ணீரைக் குடிக்காது என்று தகரத்தில் எழுதியிருப்பது வாஸ்தவம்தான், முதல் சில வருஷத்துக்கு. ஃபோமுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒட்டு விட்டுப்போகும். அந்த இடுக்கில் தண்ணீர் நிற்கும். வருஷக்கணக்கில் நிற்கிற தண்ணீருக்கு எந்த ஃபோமும் கடைசியில் வழிவிடும். பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட்டும் அந்த ஈரத்தில் ஊறித் தேயிலைத்தூள் மாதிரி வரும். ‘பைபருக்கு அழுகல் இல்லை’ என்பதும் அந்தச் சுவர்க்காரர்களின் வாசகம்தான். பைபருக்கு இல்லை. அதற்குள் வைத்த மரத்துக்கு உண்டு.

தெர்மோகோல் வைத்து மேலே ரெசின் பூசலாம் என்கிறவர்கள் ஒரு துண்டின் மேல் ஒரு கரண்டி பாலியெஸ்டர் ரெசினை ஊற்றிப் பார்க்கட்டும். கரைந்து குழியாகும். மேலே பேச ஒன்றுமில்லை.

அறையில் தேங்குகிற தண்ணீரை வடிக்க ஓர் ஓட்டையும் பிளக்கும் வையுங்கள் என்றால், ‘ஓட்டை வைத்தால், பிளக் போட மறந்த அன்றைக்கு மூழ்குவாய்’ என்கிறார்கள். தண்ணீர் மட்டத்துக்கு ஓரடி கீழே ஓரங்குல ஓட்டை திறந்திருந்தால் நிமிஷத்துக்கு 40 லிட்டருக்கு மேல் வரும், உண்மை. ஆனால் காற்றறையின் பிளக்கைக் கடலுக்கா வைக்கச் சொன்னேன்? படகின் உள்பக்கம், இறைக்கிற குழிக்கு வையுங்கள். கரையில் திற, கடலில் மூடு. பெட்ரோல் போட மறக்காதவனுக்கு இது மறக்காது.

புதுப்பிக்கிறவர்கள் செய்கிற இன்னொரு காரியத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அடித்தளத்தில் குறுக்குச் சட்டங்கள் வைக்கிறார்கள். அவற்றை அடியோடு அடியாக, இரண்டு பக்கமும் மூன்று மேட் போட்டு, கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு சட்டமும் ஒரு அணைக்கட்டு. முன்னால் விழுந்த தண்ணீர் பின்னால் இறைக்கிற குழிக்கு வரவே வராது. மரவள்ளம் கட்டிய ஆசாரி ஒவ்வொரு சட்டத்துக்கும் அடியில் விரல் நுழைகிற ஓட்டை விட்டார். அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை. இன்றைக்கு அந்த ஓட்டைக்கு அரை அடி பிவிசி குழாய் போதும். சட்டத்தை ஒட்டும்போதே அடியில் வைத்து மேட்டால் சுற்றிவிடலாம், அறுத்த பிளைவுட் விளிம்பும் ஈரம் குடிக்காது. காற்றறையின் பிளக் ஓட்டையை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் கரையில் படகை முன்பக்கம் பிடித்து இழுத்து ஏற்றுகிறோம்; அணியம் மேட்டில், அமரம் பள்ளத்தில். கடலில் நிற்கும்போதும் இன்ஜின் கனத்தில் பின்பக்கமே தாழும். ஆகவே ஒவ்வொரு அறைக்கும் பின்மூலைதான் பள்ளம். பிளக் கேட்டால், பட்டறைக்காரர் அதை அறைக்கு நட்ட நடுவில் வைப்பார். அங்கேதான் டிரில் பிட் வசதியாக நுழைகிறதாம்.

நம் கட்டுமரத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தண்ணீரைத் தடுக்க அது முயன்றதே இல்லை. அலை மேலே ஏறும், கட்டைகளின் இடுக்கில் இறங்கிப் போய்விடும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போட்டார்கள். காயப் போடுவது தொழிலில் பாதி. அடைப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிற மேடையில் காய வைப்பதைப் பற்றி ஒரு சொல் வந்ததா?

கூட்டம் முடிந்து இரண்டு வாரத்தில், அந்தப் பட்டறையில் முன்னாலேயே அடைத்துக் கொடுத்த படகு ஒன்று, அணியம் தாழ்கிறது என்று திரும்பி வந்தது. படகுக்காரர் என்னையும் கூப்பிட்டிருந்தார். மேஸ்திரி தளத்தில் கிரைண்டரை வைத்து ஒரு சதுரம் அறுத்தார். கைப்பம்பு போட்டு இறைத்தோம். ஆறு வாளி. மேஸ்திரி கொஞ்சமும் அசரவில்லை. “லீக்கெல்லாம் இல்லண்ணே. உள்ள இருக்கிற காத்து வேர்க்குமில்ல, அந்தத் தண்ணி” என்றார்.

அறை சுமார் 300 லிட்டர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று முழுக்க ஈரம் ஏறினாலும் 30 கிராம் தண்ணீரைத்தான் வைத்திருக்கும். 300 லிட்டருக்கு ஒன்பது கிராம். அத்தனையும் வேர்த்து வடிந்தால் இரண்டு டீஸ்பூன்.

நான் டீக்கடைப் பையனிடம் ஸ்பூன் கேட்டேன். மேஸ்திரிக்குச் சர்க்கரை போட என்று நினைத்து ஒன்றுதான் கொண்டு வந்தான்.