சோதிக்காமல் கொத்தாதீர்கள்

குடமுழுக்குக்கு நாள் குறித்ததும் கோபுரத்தில் சாரம் ஏறுகிறது. பல ஊர்களில் அடுத்த வேலையே பழைய பூச்சைக் கொத்தி இறக்குவதுதான். அந்தக் காரை எந்தச் சுண்ணாம்பில், எந்த மணலில், என்ன விகிதத்தில் குழைத்தது, எத்தனை அடுக்காகப் பூசியது என்று கேட்பாரில்லை. அள்ளி லாரியில் ஏற்றிவிட்டால் சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கும். அறியாமையால் நடக்கிறது என்று இதற்கு இனியும் சமாதானம் சொல்ல முடியாது. பழம் பூச்சைச் சோதித்து அறிய வழியிருந்தும் சோதிக்காமல் அழிப்பது குற்றம்.

அந்தச் சோதனைக்கு மலையளவு காரை வேண்டியதில்லை. கண்ணில் படாத மூலையிலிருந்து பெயர்த்த சில துண்டுகள் போதும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் மிஞ்சும். அதைச் சல்லடையில் சலித்தால் எவ்வளவு பருமணல், எவ்வளவு பொடிமணல் என்று தெரியும். ஆனால், இந்த ஒரு சோதனையை நம்பி முடிவெடுக்கக் கூடாது. மணலோடு கிளிஞ்சல் துணுக்குகள் கலந்திருந்தால் அவையும் அமிலத்தில் கரைந்து, சுண்ணாம்பின் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். நம் கடலோரக் கோயில்களில் இந்தப் பிழைக்கு நிறையவே இடமுண்டு. அதனால்தான் துண்டை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கனிமங்களை எக்ஸ் கதிர் அடையாளம் காட்டும். முந்தைய திருப்பணியில் யாராவது சிமெண்ட் கலந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் பிடிபடும். காரையில் சேர்த்த கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு ஆகியவற்றின் எச்சத்தை அகச்சிவப்புச் சோதனை ஓரளவு காட்டும். காலப்போக்கில் சிதைந்துவிடும் பொருள்கள் என்பதால் எப்போதும் அகப்படுவதில்லை. அந்த இடத்தில் தலைமுறையாகச் சுதை வேலை செய்யும் ஸ்தபதியின் சொல்லுக்கே மதிப்பு. ஆய்வகமும் அவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

சோதிக்காமல் விடுவதைவிடக் கவலை தருவது தவறான சோதனை. காரையையும் சிமெண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்தி, அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் சுண்ணாம்பு தோற்றது என்று எழுதிவிடுகிறார்கள். 53 கிரேடு சிமெண்ட் என்றால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் வலிமை பெற வேண்டும் என்று பொருள். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் இறுகுவது. 28 நாளில் அதற்குத் தீர்ப்பு எழுதுவது அநீதி. தவிர, பூச்சுக்கு வேண்டியது வெறும் வலிமை இல்லை. செங்கல் குடித்த மழைநீர் சுண்ணாம்பின் நுண்துளை வழியே ஆவியாகி வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். தேங்கிய ஈரத்தில் கரைந்த உப்பு, படிகமாகிச் செங்கலையே பொடியாக்கும். வெளியே பூச்சு கெட்டியாக நிற்க, உள்ளே சுவர் உதிரும். எனவே ஈரத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது, எவ்வளவு வெளியே விடுகிறது என்பதைச் சோதிக்காத அறிக்கை அரைகுறை அறிக்கைதான்.

ஒரு பூச்சுக்கு அடியில் என்ன இருக்கும் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் காட்டியிருக்கிறது. 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே.கோவிந்தசாமி கருவறைச் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியத்தின் கீழே சோழர் ஓவியத்தைக் கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேலடுக்கை ஓவியத்தோடு பெயர்த்தெடுத்து, இரண்டையும் காத்தனர். உதிரும் பழம் பூச்சுதானே என்று அன்று யாராவது உளியை வைத்திருந்தால்?

கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது குறித்து 2021 ஜூன் 7இல் சென்னை உயர் நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களைத் தந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே தேசிய மையம் இயங்குகிறது. வேலூர் வி.ஐ.டி.யில் பழைய சாந்துகளை ஆராய்கிறார்கள். ஆக, ஆளில்லை, கருவியில்லை என்ற சாக்கு செல்லாது. நேரமில்லை என்பது அதைவிட மோசமான சாக்கு. 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருப்பணி, சோதனை முடிவுக்காகச் சில வாரம் பொறுக்கலாகாதா?

புதிதாக வரும் சுண்ணாம்பையும் விட்டுவிடக் கூடாது. கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. சோதனை முறைகளை ஐ.எஸ். 6932 சொல்கிறது. மூட்டையில் சுண்ணாம்பு என்று எழுதியிருப்பதே சான்றாகிவிடாது. சீக்கிரம் இறுக வேண்டுமென்று தளத்தில் இரண்டு சட்டி சிமெண்ட் சேர்ப்பதைத் தடுக்க, பூசிய பின்னும் மாதிரி எடுக்க வேண்டும்.

பூச்சுச் சோதனை அறிக்கை இல்லாத எஸ்டிமேட்டில் கையெழுத்திடும் அதிகாரியும், அதைக் கேட்காமல் டெண்டர் எடுக்கும் ஒப்பந்ததாரரும் இந்த அழிவுக்குப் பொறுப்பாளிகள். பக்தியோடு பணம் தரும் உபயதாரர்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் சாரம் கட்டுவதற்கு முன், பழைய பூச்சைச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். அதை எல்லோரும் படிக்கும்படி கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அறிக்கை வரும்வரை ஒரு கொத்துக் காரையைக் கூட இறக்க விடாதீர்கள்.