கிணற்று நீரும் வன்மையும்

கேத்திலின் அடியில் வெண்படை படிகின்றது. சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. கடலை நெடுநேரம் கொதித்தும் அவிவதில்லை. இவற்றைக் கண்டதும், கிணற்று நீர் நஞ்சாகிவிட்டதோ என்று இல்லத்தார் அஞ்சுவதுண்டு. இவை வன்னீரின் அடையாளங்களே.

மண்ணினூடே இறங்கும் மழைநீர், ஆங்குள்ள காபனீரொட்சைட்டு வாயுவைக் கவர்ந்து சிறிது அமிலத்தன்மை பெறுகின்றது. பின்னர் சுண்ணாம்புப் பொருள்களைக் கரைக்கின்றது. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கற் பாறையும், கடலோர ஊர்களில் மணலிற் கலந்த சிப்பித் துகள்களும் அதற்கு இரையாகின்றன. கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு, ஒரு லீற்றரில் 60 முதல் 120 மில்லிகிராம் வரை இருப்பின் அது நடுத்தர வன்னீராகும். இவ்வன்மை உடலுக்குத் தீங்கு செய்வதாக உறுதியான சான்று இல்லையென்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

வன்மையை உவர்ப்புடன் மயக்குதலே பெரும் பிழை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை பொத்துவில் உள்ளிட்ட கிழக்குக் கரையைத் தாக்கியபோது, கரையோரக் கிணறுகள் பல உவர்நீராயின. மணலடியில் நன்னீர், கனத்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்பது. ஆதலின் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறும்.

வன்னீரைக் கொதிக்கவைத்தால் இருகாபனேற்றுச் சிதைந்து சுண்ணம் அடியிற் படியும். ஆறியபின் தெளிவை வடித்துக்கொள்ளலாம். சல்பேற்று, குளோரைட்டு ஆகியவற்றாலான வன்மை இதனால் நீங்காது; துணி வெளுக்கச் சிறிது சலவைச்சோடா உதவும். உவர்நீரைக் காய்ச்சினாலோ, நீர் ஆவியாக, உவர்ப்பு மிகுமேயன்றிக் குறையாது.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒத்த இரு போத்தல்களில் சம அளவு கிணற்று நீரும் மழைநீரும் எடுத்து, சமமாகச் சீவிய சவர்க்காரம் இட்டுக் குலுக்குக. நுரை குறைந்து, வெண்திரை மிகுந்தது வன்னீர்.

கேத்திற் படையை வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ கரைக்கும். கடலையும் பயறும் அவிக்கத் தூய மழைநீர் சாலச் சிறந்தது. நீரை மென்மையாக்கும் கருவிகள் பல, கல்சியத்தை நீக்கிச் சோடியத்தை நீரிற் சேர்ப்பன. இரத்த அழுத்த நோயாளர் உள்ள வீட்டில் மருத்துவரை வினவாது அந்நீரைப் பருகக் கொடுத்தல் தகாது.

நடுத்தர வன்மைக்காகப் பொருளைச் செலவிடுமுன், கிணற்றில் கிருமி கலந்துள்ளதா, உவர்ப்பு ஏறியுள்ளதா என்று சோதிப்பித்தலே குடும்பத்தார் கடன். வன்னீர் சவர்க்காரத்தை வீணாக்கும்; கிருமியுள்ள நீரோ உயிருக்கே உலைவைக்கும்.