நாற்பத்தாறில் நான்கு தந்தி

நாற்பத்தாறு வயதில் யான் யூக்கலேலி பழகத் தொடங்கியதைச் சுன்னாகத்தில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அறியும். 1879இல் மதீராத் தீவிலிருந்து ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற போர்த்துக்கேயர் கொண்டுபோன சிறு கருவியின் வழிவந்தது இது. ஹவாய் மொழியில் இப்பெயருக்குத் 'துள்ளும் தெள்ளு' என்று பொருள் கூறுவர். என் விரல்களோ துள்ளவில்லை, நோகின்றன.

மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசித்தேன். ஸ்வரங்கள் எழுந்தன, ரிஷபத்தை அசைக்கத்தான் இயலவில்லை. வீணையிலும் மெட்டுகள் உண்டே எனலாம். ஆங்கே தந்தியை இழுத்து அசைக்கலாம். இந்த நைலோன் தந்தி அதற்கு அவ்வளவாக இணங்குவதில்லை.

"நேற்றுச் சொன்னதை இன்று மறந்தாயா?" என்று வகுப்பிற் கடிந்தே பழகியவன் யான். நேற்றைய விரல்வைப்பு இன்று எனக்கே மறந்துபோகிறது. வயலின் பயிலும் மகள்தான் ஆசிரியை. "திரும்ப வாசியுங்கோ, அப்பா" என்பாள், கடிந்ததில்லை.

சென்ற வாரம் ஒரு மாணவன் பாடம் மறந்து நின்றான். "திரும்ப வாசி, தம்பி" என்றேன். அவன் என்னை ஐயத்தோடு பார்த்தான்.