"ஏறிடும் சார்... இறங்கணும்ல!" - பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

விடியற்காலை 4 மணி. சூரியநெல்லியில் நல்ல குளிர். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க வந்த ஒரு குடும்பம், மப்ளரும் குல்லாவுமாக ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறது. டிரைவரைக் காணோம். குனிந்து பார்த்தால், வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எத்தனை வருஷத்து வண்டிண்ணே? மேல ஏறிடுமா?"

"ஏறிடும் சார். ஏறுறது பெரிசில்ல. இறங்கணும்ல... அதைத்தான் பார்க்குறேன்."

பழைய நான்கு சக்கர இழுவை வண்டி வைத்திருக்கும் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய பதில் இது. கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், 7,000 அடிக்கும் மேலே. ஆனால், வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். பாதை முழுக்கப் பாறையும் பள்ளமும். அங்கே ஜீப்தான் ராஜா. அந்த ராஜாவுக்கு வயதாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

சாகாவரம் பெற்ற வண்டியா?

ஜீப் பிறந்ததே போர்க்களத்துக்காக. 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக ஆயிரக்கணக்கில் தயாராக ஆரம்பித்தது. நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனம் 1947-ல் ஜீப்களைப் பூட்டித் தர ஆரம்பித்தது. ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன் மேல் பாடி, கீழே ஸ்பிரிங் பட்டைகள். எதைக் கழற்றவும் ஸ்பானர் போதும். மரத்தடியில் போட்டுக்கூட வேலை பார்க்கலாம். தாத்தா ஓட்டிய ஜீப்பைப் பேரன் ஓட்டுவதற்கு இந்த எளிமைதான் காரணம்.

டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சன் என்றொரு சிற்றூர். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூவுக்கு, 1950-களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஆட்களை ஏற்றிச் சென்றிருக்கின்றன. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வண்டிகள் அவை. பெயர்தான் லேண்ட் ரோவர். உள்ளே பார்த்தால், பல வண்டிகளில் இருப்பது மஹிந்திராவின் டீசல் எஞ்சின்!

இதிலிருந்து ஒன்று புரியும். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைக்கலாம். பிரேக்கும் சட்டமும் பாதி வழியில் கைவிட்டால் மாற்ற நேரம் இருக்காது. ஆனால், நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்ற ஒரே வார்த்தையில் திருப்தி அடைந்துவிடுகிறோம். வண்டி ஓடுவது வேறு. ரோட்டில் ஓடத் தகுதியோடு இருப்பது வேறு.

ஒரு பைப், நான்கு சக்கரம்

முதலில் பிரேக். இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகும். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று கொஞ்சமாவது பிடிக்கும். பழைய ஜீப்கள் பலவற்றில் ஒரே பாதைதான். ஒரு பைப்பில் ஓட்டை விழுந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. அந்த டிரைவர் டார்ச் அடித்துத் தேடியது இதைத்தான்: சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா, ரப்பர் ஹோஸில் வெடிப்பு தெரிகிறதா, இரும்பு பைப்பில் துரு ஏறியிருக்கிறதா?

பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய 'டாட் 3' ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அதே விதி 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி உண்டாகும். பெடல் அப்படியே பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். சமவெளியில் வருடக்கணக்கில் நன்றாக ஓடிய வண்டி, கொடைக்கானல் இறக்கத்தில் திடீரென ஏமாற்றுவதற்கு இது முக்கியமான ஒரு காரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் உப்பி, மொத்த பிரேக்கும் கெட்டுப்போகும்.

ஹேண்ட் பிரேக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய மாடல்கள் பலவற்றில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் கசிந்தால் அந்த பிரேக் வழுக்கும். அதனால்தான் மலை டிரைவர்கள் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறார்கள். சரிவில் நிறுத்தினால் முதல் வேலை, சக்கரத்துக்குக் கட்டை போடுவது.

சுத்தியல் சொல்லும் உண்மை

அடுத்தது சட்டம். லேண்ட் ரோவரின் பாடி அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால், அதைத் தாங்கும் சட்டம் இரும்பு. ஜீப்புக்கோ இரண்டுமே இரும்பு. சட்டத்தின் உள்ளே சேறு போய் உட்கார்ந்து, வெளியில் பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும்.

பரிசோதனை எளிது. சின்ன சுத்தியலால் சட்டத்தை நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கணீரென ஒலிக்கும். 'டப்' என்று மந்தமாகக் கேட்டால், அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகள் மாட்டும் இடம், பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடம் ஆகிய மூன்றையும் கட்டாயம் பாருங்கள். டிங்கரிங் கடையில் பட்டி பூசி பெயின்ட் அடித்தால் வண்டி அழகாகும், பலம் வராது. அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்பவர்தான் உங்களுக்குத் தேவை. மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, மேலே பாலிஷ் போடுவதைவிட நூறு மடங்கு பயன் தரும்.

ஸ்டீயரிங்கையும் கவனியுங்கள். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தால், முன்சக்கரம் எப்போது அசைகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் மாதத்துக்கு மாதம் கூடினால், 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று விடாதீர்கள். கிங் பின் பேரிங், டை ராட் முனை என்று எங்கோ ஒன்று தேய்ந்துகொண்டிருக்கிறது.

டயரில் பூ நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத ஜீப்பில் டயர் தேய்வதற்கு முன்பே வெடிப்பு விட ஆரம்பித்துவிடும். ஸ்டெப்னியின் எண்ணையும் மறக்காமல் பாருங்கள்.

இரண்டு லீவரின் ரகசியம்

நான்கு சக்கர இழுவை இருக்கிறது என்பதற்காக எப்போதும் போட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது. பழைய ஜீப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். ஆனால், வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது; அந்த முறுக்கு முழுவதும் கியரிலும் ஷாஃப்ட் ஜாயின்ட்டிலும் ஏறும். ஸ்டீயரிங் கனமாகும், லீவர் மாட்டிக்கொள்ளும், கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு டயர் போட்டாலும் இதே கதைதான்.

அதற்காகத் தொடாமலே இருப்பதும் தப்பு. வருடக்கணக்கில் போடாமல் விட்டால் முன் அச்சின் ஆயில் சீல்கள் காய்ந்து, லீவர் துருவேறி இறுகிவிடும். மாதம் ஒருமுறை மண் ரோட்டில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போட்டு ஓட்டுங்கள். முன்சக்கரத்தில் ஹப் லாக் இருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள்.

'லோ' கியரின் அருமை இறக்கத்தில்தான் தெரியும். அதைப் போட்டால் வேகம் பாதிக்கும் கீழே குறையும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடேறாது. எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலையில் பழைய பாடம்.

ஓடையில் இறக்கினீர்களா? ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் மேலே இருக்கும் மூச்சுத் துளை அடைபட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். சில நூறு ரூபாய் ஆயிலுக்குப் பார்த்தால், கிரவுன் வீல் பினியனுக்கு ஆயிரங்களில் அழ வேண்டும். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்து டிரம்மைக் காய வைக்கவும் மறக்காதீர்கள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் கண்

சட்டம் என்ன சொல்கிறது? வாடகைக்கு ஓடும் வண்டி எட்டு வருடத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி காட்ட வேண்டும். சொந்த வண்டிக்கோ முதல் 15 வருடம் பதிவு செல்லும். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையோடு புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பலரும் இந்தக் கட்டணத்தைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். கவலைப்பட வேண்டியது வேறு. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் ஐந்து வருடம் இருக்கிறது. அத்தனை நாளும் உங்கள் ஜீப்புக்கு நீங்கள்தான் இன்ஸ்பெக்டர்.

எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ அனுமதி பெற்று ஆர்.சி-யில் பதிய வேண்டும். வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் கனமான கிராஷ் கார்டுக்கும் 2017 முதல் தடை. பதியாத மாற்றங்களோடு விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு அலைய வேண்டி வரலாம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எதை மாற்றினோம் என்று எழுதி வையுங்கள். பழைய வண்டிக்கு அதுதான் ஜாதகம். செலவு செய்யும்போது வரிசை முக்கியம்: பிரேக், ஸ்டீயரிங், சட்டம், டயர், பிறகு எஞ்சின், பாட்டு சிஸ்டமும் கலர் லைட்டும் கடைசி. சட்டம் முழுக்க அரித்துப்போய், ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் விரிகிறதா? அப்போது, பின்சீட்டில் பேரப்பிள்ளையை உட்கார வைத்து மலை இறங்க மனசு வருமா என்று கேட்டுப் பாருங்கள். வராது என்றால், அந்த வண்டியைத் தோட்டத்து நிழலில் நிறுத்திவிடுங்கள். அது வண்டிக்குச் செய்யும் துரோகம் இல்லை.

காலை 9 மணி. கொழுக்குமலையிலிருந்து ஜீப் சூரியநெல்லிக்கு இறங்கி வந்துவிட்டது. குடும்பம் செல்போனில் சூரியனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டிரைவர் நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் வரிசையாகப் புறங்கையைக் கொண்டுபோகிறார். நான்கிலும் ஒரே அளவு சூடு இருந்தால் பிரேக் சரி. ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலையே செய்யவில்லை.

பின் இடது சக்கரத்தில் கை கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது. அடுத்த சவாரிக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

"வேற வண்டி சொல்லிடுறேன் சார், அஞ்சு நிமிஷம்" என்றபடி செல்போனை எடுக்கிறார். இன்னொரு கை டூல்ஸ் பெட்டியைத் தேடுகிறது.